குவார்ட்டர்பேக்கின் குருகுலம்

அமெரிக்க தேசத்தில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் கலாசாலைக் கால்பந்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஒஹையோ, டெக்ஸஸ், டென்னஸி, அலபாமா முதலிய இடங்களின் மைதானங்களும் லட்சத்தைத் தாண்டியவையே. அவ்வளவு ஜனங்களும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் லட்சோப லட்சம் பேரும், தங்கள் சந்தோஷத்தையும் மனக்கிலேசத்தையும் எவன் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ அவன், அநேக சமயங்களில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளையாக இருக்கிறான். குவார்ட்டர்பேக் என்னும் அந்த ஸ்தானத்தில் ஒரு வாலிபனை என்றைக்கு நிறுத்துவது, நிறுத்துமுன் எவ்வளவு காலம் பழக்குவது, நிறுத்திய பிறகு அவனைப் பற்றி எப்போது தீர்ப்புச் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் இன்றைய அமெரிக்கா அளிக்கும் விடை, 'உடனே, கொஞ்ச காலம், மறுநாள் காலையில்' என்பதுதான். இந்த விடை தவறு என்பதும், அந்தத் தவற்றுக்காகப் பிள்ளைகள் புதிதாகப் பெற்றிருக்கும் சுதந்திரத்தின்மீது பழிபோடுவது அதைவிடப் பெரிய தவறு என்பதும் என் அபிப்பிராயம்.

நம் ஊரில் கால்பந்து என்று சொல்வதற்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. இருபுறமும் பதினொருவர், மைதானத்தின் நீளம் நூறு யார்டு, பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும், நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் என்பவர் தம் கால்களுக்கிடையே பின்னுக்கு அனுப்பும் பந்து குவார்ட்டர்பேக்கின் கையில்தான் வந்து சேர்கிறது. அதை எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பது அவன் பொறுப்பு. விதிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்த்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

ஒரு முயற்சி முடிந்ததும் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதற்குள், ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரிடமிருந்து அடுத்த ஆட்டத்தின் பெயர் வந்து சேர வேண்டும். 2024-க்கு முன்பு கைச்சாடைகளாலும் சித்திரம் எழுதிய பெரிய அட்டைகளாலும் வந்துகொண்டிருந்த அந்தச் செய்தி, அவ்வாண்டு முதல் மேல்மட்டக் கலாசாலைகளில் தலைக்கவசத்துக்குள் பொருத்திய சிறு ஒலிக்கருவியின் வழியே வருகிறது; கடிகாரத்தில் 15 வினாடி மிஞ்சியிருக்கும்போது அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்கப்புறம் பிள்ளையின் பாடு. எதிரே பின்வரிசையில் நிற்கும் சேஃப்டி என்னும் காவலர் இருவரும் ஆழத்திலேயே நிற்கிறார்களா, அல்லது ஒருவர் மெல்ல முன்னே நழுவி வருகிறாரா, லைன்பேக்கர் என்னும் நடுவரிசைக் காவலர் மெய்யாகவே பாயப்போகிறாரா, பாய்வதுபோல் பாசாங்கு செய்கிறாரா, தனக்கு முன்னே அரணாக நிற்கும் ஐவரில் யார் யாரைத் தடுக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் கண்ணாலேயே அளந்து, அவசியமானால் ஆட்டத்தையே மாற்றிக் கூவி அறிவித்து, பந்தை வாங்கியாக வேண்டும். வாங்கியபின் கிடைக்கும் அவகாசம் இரண்டரை வினாடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள் முதலில் ஓடுபவனைப் பார்த்து, அவன் மறிக்கப்பட்டிருந்தால் இரண்டாமவனை, பிறகு மூன்றாமவனை என்று ஒழுங்கு தவறாமல் பார்வையை நகர்த்தி, பார்வை நகர நகரப் பாதங்களையும் திருப்பி, இப்போது ஒருவரும் இல்லாத, ஆனால் அடுத்த கணம் தன் தோழன் வந்து சேரவிருக்கிற ஓர் இடத்தை நோக்கிப் பந்தை விட வேண்டும். இத்தனைக்கும் நடுவே, நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள மனிதர்கள் சிலர் அவனைத் தரையில் சாய்ப்பதற்காகவே வந்துகொண்டிருக்கிறார்கள்.

கையின் பலம் பிறவியிலேயே அமையலாம். பாதங்களின் ஒழுங்கை ஒரு நல்ல ஆசான் ஓராண்டில் புகட்டிவிடலாம். கண்ணின் பக்குவமோ, எதிரியின் பாசாங்கு எது நிஜம் எது என்று பிரித்தறியும் அந்த விவேகமோ, ஆயிரக்கணக்கான தடவை பார்த்தாலல்லாமல் வருவதில்லை. உயர்நிலைப் பள்ளியில் தன்னைவிட மெலிந்தவர்களையும் மந்தமானவர்களையும் எதிர்த்து ஆடிய பிள்ளைக்குத் தோழன் தனியே நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். கலாசாலையில் ஒரு முழ இடைவெளி கிடைத்தாலே அது பெரிய இடைவெளி, அதுவும் அரை வினாடியில் மூடிவிடும். ஆகவே பள்ளியில் பெரும் புகழ் பெற்றவன் கலாசாலையில் முதலாண்டு தடுமாறுவது அவனுடைய குறைபாட்டுக்கு அடையாளமே அல்ல. அது அந்த வித்தையின் சுபாவம்.

முற்காலத்து அமெரிக்கர்கள் இதை ஏதோ ஒருவிதத்தில் அங்கீகரித்திருந்தார்கள். யுத்த காலங்கள் போன்ற சில விலக்குகளைத் தவிர்த்தால், 1972 வரையில் முதலாண்டு மாணவர்கள் கலாசாலையின் பிரதானக் கோஷ்டியில் ஆடக்கூடாது. படிப்பில் காலூன்றட்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முதலாண்டு மாணவர்களுக்கென்று தனிக் கோஷ்டிகள் இருந்தன. அவை தங்களுக்குள் ஆண்டுக்குச் சில பந்தயங்கள் ஆடின. பார்க்க வந்தவர்கள் சொற்பம், பத்திரிகைகளும் அதிகமாகப் பொருட்படுத்தவில்லை, ஆகையால் தவறு செய்வதற்கு அதைவிட உத்தமமான இடம் வேறு கிடையாது. 1972-ல் தடை நீங்கியபின் அந்தக் கோஷ்டிகள் படிப்படியாக மறைந்தன. எஞ்சியது ரெட்ஷர்ட் என்னும் ஏற்பாடு மட்டுமே: ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் ஆடிக்கொள்ளலாம் என்பதால், முதலாண்டை ஆடாமலே பயிற்சியில் கழிப்பது வழக்கமாயிற்று. 2018-ல் இவ்விதி இன்னும் தளர்த்தப்பட்டு, நான்கு பந்தயங்கள் வரையில் ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது என்று ஆயிற்று. அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட திருத்தங்களில் இது ஒன்றுதான் பிள்ளைகளின் பயிற்சியைக் கருதிச் செய்ததாக எனக்குத் தோன்றுகிறது.

காத்திருக்கும் அந்த ஆண்டில் ஒருவன் என்ன செய்கிறான்? சனிக்கிழமையன்று ஓரத்தில் நின்று கைதட்டுவது மட்டும் அல்ல. வாரம் முழுவதும் அவன், அடுத்து வரப்போகும் எதிரியின் குவார்ட்டர்பேக்காக வேஷம் போட்டுக்கொண்டு, தன் கலாசாலையின் தற்காப்பு வீரர்களுக்கு எதிராக ஆடுகிறான். ஒரு வாரம் ஒருவனுடைய நடை, மறுவாரம் இன்னொருவனுடைய நடை என்று பல பாணிகள் கைக்கு வருகின்றன. சலனப்படங்களை ஓட்டி நிறுத்தி, நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறான். வித்வானுக்குப் பின்னால் தம்புராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிஷ்யன், சபையின் பார்வை தன்மீது படாத நேரத்திலேயே ராகத்தின் போக்கையெல்லாம் உள்வாங்கிக்கொள்வது போன்ற கல்வி இது. ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. பயிற்சியில் பந்து கைக்கு வரும் தடவைகளில் பெரும்பங்கு முதல் வரிசைக்காரனுக்கே போய்விடுகிறது. கலாசாலைகளில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்ற வரம்பும் இருப்பதால், இரண்டாம் மூன்றாம் வரிசைக்காரர்களுக்கு மிச்சம் மீதிதான்.

மிச்சிகனில் 1995-ல் சேர்ந்த டாம் பிரேடி வரிசையில் ஏழாவது ஆளாக நின்றவர். பயிற்சியில் தமக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் பந்து வருவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோது, கிடைக்கும் அந்த இரண்டு மூன்றையும் குறைவில்லாமல் செய்யும்படி அங்கே ஆலோசகராக இருந்த கிரெக் ஹார்டன் சொன்னதாக பிரேடியே பலமுறை கூறியிருக்கிறார். 1998-லும் 1999-லும்தான் அவருக்கு முதல் வரிசை வாய்த்தது. அப்போதும்கூடத் தம்மைவிட இளையவரான ட்ரூ ஹென்சனோடு ஸ்தானத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் தொழில்முறைக் கோஷ்டிகள் 198 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகே அவர் பெயர் கூப்பிடப்பட்டது. பின்னர் அவர் வென்ற, தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் பந்தயமான சூப்பர் பௌல்கள் ஏழு. அவருடைய மனோதிடத்தை எடுத்துச் சொல்லாதவர்கள் இல்லை. ஒரு சர்வகலாசாலை தன்னிடம் மூன்றாண்டு இருந்த மாணவனின் தரத்தை அறியும்படியான பரீட்சை எதையும் வைத்திருக்கவில்லையே என்று கேட்டவர்கள்தான் குறைவு.

இனி, அவசரக்காரர்கள் அனைவரும் சாட்சிக்கு அழைக்கும் சம்பவத்துக்கு வருகிறேன். 2018 ஜனவரி 8-ஆம் தேதி அட்லாண்டா நகரில் தேசியப் பட்டத்துக்காக அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின. முற்பாதி முடிந்தபோது அலபாமா ஒரு புள்ளிகூட எடுக்காமல் 13 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அதன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், இரண்டு பருவங்களாகத் தாம் முன்னின்று ஆடிய பந்தயங்களில் இரண்டே இரண்டில்தான் தோற்றவர். பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்துவிட்டு, ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்திருந்த துவா டாகோவைலோவா என்ற பத்தொன்பது வயது இடக்கைக்காரரை, முதலாண்டு மாணவரை, மைதானத்துக்கு அனுப்பினார். அந்த வாலிபர், இலக்குக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார். நடுவே ஒருமுறை எதிரியின் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். பந்தயம் 20-20 என்று சமமாகி, உபரி ஆட்டத்துக்குப் போயிற்று. ஜார்ஜியா 51 யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் முந்தியது.

இனி அலபாமாவின் முறை. முதல் முயற்சியில் டாகோவைலோவா, அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறுகளில் தலையாயதைச் செய்தார்: எறிவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று கண்டபிறகும் பந்தை விட்டொழிக்காமல் பின்னே பின்னே ஓடிக்கொண்டிருந்து, 16 யார்டு நஷ்டத்தில் கீழே விழுந்தார். பத்து யார்டு போக வேண்டிய இடத்தில் இப்போது இருபத்தாறு. இலக்குக் கோட்டுக்கோ நாற்பத்தொன்று. அடுத்த முயற்சியில் அதே பிள்ளை, பந்து கைக்கு வந்ததும், தான் எறிய நினைத்த பக்கத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்வையைச் செலுத்தி, எதிரியின் சேஃப்டியை அந்தப் பார்வையாலேயே அங்கே கட்டி நிறுத்திவிட்டு, கடைசிக் கணத்தில் இடப்பக்கம் திரும்பி 41 யார்டு தூரம் எறிந்தார். ஓரக் கோட்டையொட்டி ஓடிய டெவான்டா ஸ்மித்தின் கைக்குள் பந்து விழுந்தது. அவரும் முதலாண்டு மாணவரே. 26-23 என்று ஆட்டம் முடிந்தது.

திறமை இருந்தால் பிள்ளையை உடனே இறக்குங்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. டாகோவைலோவா அலபாமாவுக்கு வந்து சேர்ந்தது 2017 ஜனவரியில். பந்தயம் நடந்த அன்றைக்கு ஏறக்குறைய முழு ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஓராண்டும் தேசத்திலேயே தலைசிறந்த தற்காப்புக் கோஷ்டி ஒன்றை எதிர்த்துத் தினந்தோறும் பயிற்சியில் ஆடியவர் அவர். அலபாமா வெகுவாக முந்திவிட்ட பந்தயங்களிலெல்லாம் பிற்பகுதியில் இறங்கி, தோல்விப் பயமின்றித் தவறுகள் செய்து பார்த்தவர். பார்வையால் காவலனை ஏமாற்றும் அந்த யுக்தி அன்றிரவு உதித்ததல்ல. அன்று உட்காரவைக்கப்பட்ட ஹர்ட்ஸின் பிற்காலமோ இன்னும் பெரிய பாடம். மறு பருவத்தில் அவர் கோபித்துக்கொண்டு போகாமல் இரண்டாம் வரிசையில் நின்றார். 2018 டிசம்பரில், அதே அட்லாண்டாவில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, காயம்பட்ட டாகோவைலோவாவுக்குப் பதிலாக இறங்கி, பின்தங்கியிருந்த கோஷ்டியை 35-28 என்று கரையேற்றினார். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போய், தலைசிறந்த கலாசாலை ஆட்டக்காரருக்கு அளிக்கும் ஹைஸ்மன் விருதுக்கு இரண்டாமிடம் பெற்றார். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் சிறந்த வீரர் ஆனார். பத்தொன்பது வயதில் வென்றவரைப் பற்றியும், பத்தொன்பது வயதில் நீக்கப்பட்டவரைப் பற்றியும் அன்றிரவு எழுதப்பட்ட தீர்ப்புகளை இப்போது எடுத்து வாசித்துப் பார்ப்பது நல்லது.

முதலாண்டு மாணவர்களில் முதன்முதலாக ஹைஸ்மன் விருது பெற்றவர் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்-இன் ஜானி மன்ஸீல், 2012-ல். அடுத்த ஆண்டே ஃப்ளாரிடா மாநில சர்வகலாசாலையின் ஜேமிஸ் வின்ஸ்டன். இவ்விருவரும் அவ்விருதைப் பெற்றது ரெட்ஷர்ட் அணிந்து ஓர் ஆண்டு முழுவதும் ஆடாமல் கழித்த பிறகுதான். (பத்திரிகைக்காரர்களின் ஞாபகசக்தி இவ்விஷயத்தில் சௌகரியமாகக் குறைந்துவிடுகிறது.) உண்மையிலேயே முதல் இலையுதிர் காலத்தில் தேசத்தை வென்றவர் என்று கிளெம்ஸனின் ட்ரெவர் லாரன்ஸைச் சொல்லலாம், அவரும் உயர்நிலைப் பள்ளியை முன்கூட்டியே முடித்துக்கொண்டு 2018 ஜனவரியிலேயே வந்து, வசந்த காலப் பயிற்சியைப் பெற்றவர். விதிவிலக்கானவர் என்று ஒப்புக்கொள்கிறேன். விதிவிலக்கைக் கொண்டு விதி எழுதுவதுதான் கூடாது.

இளம் வயதிலேயே ஆடவைக்கலாம் என்பதற்கு மன்ஸீலைவிட வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஹால் மம்மியும், டெக்ஸஸ் டெக்கில் 2000 முதல் 2009 வரை பயிற்றுவித்த காலஞ்சென்ற மைக் லீச்சும் வளர்த்த 'ஏர் ரெய்டு' என்னும் மார்க்கத்தில், ஆட்டங்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பமானவற்றையே நாள்தோறும், வாரந்தோறும், எல்லாக் குவார்ட்டர்பேக்குகளும் ஒரே வேளையில் எறிந்து எறிந்து மனப்பாடமாக்கிக்கொள்வார்கள். கனத்த ஆட்டப் புத்தகத்தைச் சுமக்காத பிள்ளை சீக்கிரமாகவே நிதானத்துக்கு வருகிறான். நான் சொல்வதற்கு இது விரோதமன்று, ஆதரவே. வேண்டியது ஆண்டுகளின் எண்ணிக்கையல்ல, அப்பியாசத்தின் எண்ணிக்கை. ஓரத்தில் வெறுமனே நிற்கும் மூன்றாண்டைவிட, பந்தைக் கையில் வைத்து எதிரியைப் பார்க்கும் ஓராண்டு மேல்.

பெற்றோரின் அவசரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தை மார்வ் மரினோவிச் தம் மகன் டாடைக் குழந்தைப் பருவத்திலிருந்தே உணவு, உறக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கிட்டுக் குவார்ட்டர்பேக்காகவே வளர்த்தார். 1989-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆட இறங்கிய மகன் முதல் பருவத்திலேயே ரோஸ் பௌல் என்னும் புகழ்பெற்ற பந்தயத்தை வென்றார். தொழில்முறை ஆட்டத்திலோ இரண்டு பருவங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளை எத்தகைய வேதனையில் கழித்தார் என்பதை அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். இது தெரிந்த கதையாக இருந்தும், பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பிள்ளைக்குத் தனி ஆசான் அமர்த்தும் வழக்கம் குறையவில்லை, பெருகியே இருக்கிறது.

இப்போது எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது புதிய விதிகளை. 2018 அக்டோபரில், கலாசாலை மாற விரும்பும் மாணவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. 2021-ல் ஒருமுறை கலாசாலை மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024-ல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றும் ஆகிவிட்டது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயராலும் உருவத்தாலும் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் ஒவ்வொரு கலாசாலையும் முதல் ஆண்டில் சுமார் இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர் என்று தொடங்கிய ஒரு வரம்புக்குள் தன் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகவே பங்கிட்டுக் கொடுக்கலாம். இதன் விளைவு இரண்டாம் வரிசையில் தெளிவாகத் தெரிகிறது. பருவம் முடிந்ததும் போய்விடக்கூடியவனுக்கு அக்டோபரில் எதற்காக மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் நினைக்கிறார். வேறொரு கலாசாலையின் செலவில் முதிர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரனை விலைபேசி அழைத்துவந்தால், பள்ளியிலிருந்து வந்த பதினெட்டு வயதுக்காரனைப் பழக்கும் சிரமம் மிச்சம். குவின் யூவர்ஸ் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டையே விட்டுவிட்டு 2021-ல் ஒஹையோவுக்கு ஓடி, பந்தயத்தில் இரண்டே தடவை பந்தை வாங்கி, அந்த ஆண்டே டெக்ஸஸுக்குத் திரும்பினார். அங்கே நன்றாகவே ஆடினார். ஆயினும் 2025-ல் தொழில்முறைத் தேர்வின் கடைசிச் சுற்றான ஏழாவதில்தான் அவர் பெயர் வந்தது.

ஆனால் சுதந்திரத்தின்மீது குற்றம் சுமத்துவோரிடம் ஒன்று கேட்கிறேன். ஜோ பரோ ஒஹையோவில் மூன்றாண்டு இரண்டாம் வரிசையிலேயே இருந்து, பட்டம் பெற்ற பிறகு லூயிசியானாவுக்கு மாறியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மாறிய முதல் பருவத்தில் 16 டச்டவுன்களுக்கு எறிந்தவர், 2019-ல் அறுபதுக்கு எறிந்து, ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டத்தையும் ஹைஸ்மனையும் பெற்றார். ஜேடன் டேனியல்ஸ் அரிஸோனா மாநில சர்வகலாசாலையில் முதலாண்டிலேயே இறங்கி, லூயிசியானாவில் ஐந்தாம் ஆண்டில்தான் கனிந்தார். ஆபர்னில் பத்தொன்பது வயதில் ஏற்றிப் போற்றப்பட்டு, பிறகு தூற்றப்பட்ட போ நிக்ஸ், ஆரெகனுக்குப் போய், மொத்தம் 61 பந்தயங்களில் முன்னின்று ஆடிய பிறகே முழு ஆட்டக்காரர் ஆனார். இவர்களுக்கெல்லாம் இடமாற்றம் கைகொடுத்தது. அதைத் தடுத்திருந்தால் நஷ்டம்தான். அன்றியும், 2021 நவம்பரில் ஓக்லஹோமாவின் பயிற்சியாளர் லிங்கன் ரைலி தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது, அவர் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசான் நினைத்தபோது போகலாம், சிஷ்யன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர் தர்மம்?

ஆகவே பரிகாரத்தை வேறிடத்தில் தேட வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கும் இரண்டாம் வரிசைக்காரர்களுக்கும் பழையபடி தனிப் பந்தயங்கள் வேண்டும். இலையுதிர் காலத்தில் ஐந்து, அதிகம் போனால் ஆறு, அண்டை அயல் கலாசாலைகளோடு, தொலைக்காட்சி இல்லாமல். இப்போது அவர்களுக்குக் கிடைப்பது வசந்த காலத்தில் பதினைந்து நாள் பயிற்சியும், தங்களுக்குள்ளேயே இரு கட்சியாகப் பிரிந்து ஆடும் ஒரு விளையாட்டும்தான். அதிலும் குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்பது வழக்கம் என்பதால், அடி விழும் என்று தெரிந்தும் கண்ணை எடுக்காமல் நிற்கும் தைரியத்தை அங்கே சோதிக்க வழியில்லை. 2025-ல் கொலராடோவும் சிரக்யூஸும் தங்களுக்குள் ஒரு வசந்த காலப் பந்தயம் ஆட அனுமதி கேட்டன, கலாசாலை விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது. அதை நான் பெரும் பிழையென்றே கருதுகிறேன். காயம் படுமே என்பார்கள். படலாம்தான், ஆனால் பழகாத பிள்ளையை லட்சம் பேர் முன்னிலையில் முதன்முதலாக நிறுத்தும்போது படும் காயத்தைவிட அது அதிகமாயிராது. செலவாகுமே என்பார்கள், இரண்டு கோடி டாலர் பங்கிட வழி கண்டவர்களுக்குச் சில பேருந்துகளும் நடுவர்களும் பாரமல்ல.

இனி, தீர்ப்புச் சொல்லும் அவசரத்துக்கு வருகிறேன். டெக்ஸஸில் ஆர்ச் மானிங் இரண்டாண்டு யூவர்ஸுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாமார் பெய்ட்டன், ஈலை என்று குடும்பமே குவார்ட்டர்பேக்குகள். எந்தக் கலாசாலையும் அவருக்கு உடனே முதல் வரிசையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கும். 2025 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஒஹையோவில், பருவத்தின் முதற் பந்தயத்தில், 7-14 என்று தோற்றதும் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசித்தவர்கள், அந்த வாலிபர் ஏதோ தேசத்துரோகம் செய்துவிட்டார் என்றே எண்ணியிருப்பார்கள். நவம்பர் இறுதியில், அதுவரையில் ஒரு பந்தயத்திலும் தோற்காத டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை அவர் முறியடித்தபோது, ஆகஸ்டில் எழுதியவர்களில் எத்தனை பேர் தங்கள் வார்த்தையை வாபஸ் வாங்கினார்கள்?

அந்தத் தேசத்தில் குடியேறி, பிள்ளைகளை இந்தச் சர்வகலாசாலைகளுக்கே அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சனிக்கிழமைகளில் அந்த மைதானங்களில் அவர்களும் உட்காருகிறார்கள். அவர்களுக்கும், இங்கிருந்தபடி தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: வருகிற செப்டம்பரில் புதிய பிள்ளை ஒருவன் மூன்று தடவை பந்தை எதிரியின் கையில் கொடுத்தாலும், அவனைப் பற்றிய முடிவை நவம்பர் வரையிலாவது தள்ளிவையுங்கள்.